அங்கே இல்லாதவரின் கண்

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும் முன்பே கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும் நண்பர்களே!

இந்த அரங்கின் சுவர் முழுக்க உங்கள் படங்கள் இருக்கின்றன. அலுவலகம் போய் வந்த நேரம் போக, கடை பூட்டிய நேரம் போக, வகுப்பு முடிந்த நேரம் போக, மிச்சம் கிடைத்த பொழுதில் நீங்கள் எடுத்த படங்கள். இதற்கு யாரும் உங்களுக்குச் சம்பளம் தரவில்லை. ஆசை ஒன்றுதான் உங்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த ஆசையை மதித்துத்தான் இன்றைய பொருளைத் தேர்ந்தெடுத்தேன். சக கலைஞர் ஒருவர் தம் படத்தை நம் கையில் கொடுத்து, "எப்படி இருக்கு, சொல்லுங்க" என்று கேட்கிறாரே, அப்போது நாம் என்ன சொல்ல வேண்டும்? எப்படிச் சொல்ல வேண்டும்? இதுதான் இன்றைய பேச்சு.

இது சின்ன விஷயம் என்று யாராவது நினைத்தால், அவருக்கு ஒரு கேள்வி. படம் எடுத்தவருக்குத் தன் படம் தெரியாதா? அவர்தானே எடுத்தார்? அவர்தானே ஃபோகஸ் செய்தார்? அப்படியிருக்க, அவர் ஏன் இன்னொருவரிடம் வந்து கேட்க வேண்டும்?

கேட்கத்தான் வேண்டும். ஏனென்றால், தன் படத்தைத் தன் கண்ணால் பார்க்க முடியாத ஒரே ஆள் அதை எடுத்தவர்தான்.

கொளுக்குமலைக்குப் போய்ச் சூரிய உதயம் எடுக்கிறார் ஒரு நண்பர். நள்ளிரவு தாண்டி எழுந்து, சூரியநெல்லியில் ஜீப் பிடித்து, எலும்பெல்லாம் ஆட்டம் காண்கிற அந்தக் கல் பாதையில் ஏறி, 7,000 அடிக்கு மேலே குளிரில் விரல் விறைக்க நிற்கிறார். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம். அதன்மேல் சூரியன் எழுகிறது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் "ஆ" என்கிறார்கள். அவர் ஷட்டரை அழுத்துகிறார்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைத் திறக்கும்போது அவர் எதைப் பார்க்கிறார்? குளிரைப் பார்க்கிறார். ஜீப்பின் ஆட்டத்தைப் பார்க்கிறார். அந்த "ஆ" என்ற குரலையும் சேர்த்துப் பார்க்கிறார். இவை எதுவும் படத்தில் இல்லை! படத்தில் இருப்பது ஓர் ஆரஞ்சு நிறப் பட்டை, வெளுத்துப்போன ஒரு வட்டம், கீழே மூன்றில் இரண்டு பங்கு இருட்டு. அவருடைய நினைவு வந்து அந்த இருட்டை நிரப்பிவிடுகிறது. நம்மிடம் அந்த நினைவு இல்லை. நாம் அங்கே நிற்கவில்லை. நம் முன்னால் இருப்பது படம் மட்டுமே.

அதனால்தான் அவருக்கு நாம் தேவைப்படுகிறோம். சமைத்தவருக்கு உப்பு தெரியாது என்று நம் வீடுகளில் இன்னொருவரைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வார்களே, அதே காரணம்தான். அங்கே இல்லாதவரின் கண் அவருக்கு வேண்டும். சக கலைஞர் ஒருவருக்கு நாம் கொடுக்கக்கூடிய ஆகப் பெரிய உதவி அந்தக் கண். நம் அறிவைவிட, நம் அனுபவத்தைவிட, நாம் வைத்திருக்கும் லென்ஸைவிட அந்தக் கண்தான் அவருக்கு முதலில் வேண்டும்.

இந்தத் தேவையை நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். விமரிசனம் என்றாலே நமக்கு நக்கீரர்தான் நினைவுக்கு வருவார். நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் அஞ்சாத அந்த உறுதி போற்றத்தக்கதுதான். ஆனால், இன்று நீங்கள் அதங்கோட்டாசானை நினைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாண்டியன் அவையில் தொல்காப்பியம் அரங்கேறியபோது அதைக் கேட்டு ஆராய்ந்தவர் அவர் என்று அந்நூலின் பாயிரம் சொல்கிறது. அவர் குறை கூறக் கூற, தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார் என்று நச்சினார்க்கினியர் தம் உரையில் ஒரு கதையாகவே விரிக்கிறார். கேள்வி கேட்க ஓர் ஆள், விடை சொல்ல ஓர் ஆள், இருவருக்கும் நடுவே ஒரு படைப்பு. தமிழின் மூத்த நூலே இப்படி ஒருவர் காதில் விழுந்து, கேள்விக்கு நின்று, பிறகுதான் உலகுக்கு வந்தது என்றால், நம் படங்களுக்கு அது வேண்டாமா?

ஒளிப்படக் கலையும் சங்கம் வைத்து வளர்ந்த கலைதான். இந்தக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். லண்டனில் ஒளிப்படச் சங்கம் 1853இல் எழுந்தது. பம்பாயில் 1854இல், நம் சென்னையில் 1857இல்! கண்ணாடித் தகட்டில் கை கறுக்கக் கறுக்க ரசாயனம் பூசிப் படம் எடுத்த அந்தக் காலத்திலேயே, எடுத்ததை ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும், பேச வேண்டும் என்று மனிதர்கள் கூடினார்கள். ஒளிப்படச் சங்கம் என்பதன் உயிரே அந்தப் பேச்சுதான்.

அந்தப் பேச்சு இன்று நம்மிடையே எப்படி இருக்கிறது?

இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று, "சூப்பர்!", "அருமை!", "செம கிளிக்!" இன்னொன்று, "ரூல் ஆஃப் தேர்ட்ஸ் இல்லையே", "ஷார்ப்பா இல்லையே", "நாய்ஸ் இருக்கே."

முதல் வகை அன்பிலிருந்து வருகிறது. அன்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் "சூப்பர்" என்ற சொல்லை எடுத்துக்கொண்டு அந்தப் படைப்பாளி வீட்டுக்குப் போய் என்ன செய்வார்? எது சூப்பர்? ஒளியா? அந்தக் குழந்தையின் பார்வையா? அடுத்த வாரம் கேமராவை எடுக்கும்போது எதைத் திரும்பச் செய்வார்? அவருக்குத் தெரியாது. நாம் சொல்லவில்லை.

இரண்டாம் வகை படிப்பிலிருந்து வருகிறது. படிப்பையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விதியைச் சொல்வது வேறு, விதியின் காரணத்தைச் சொல்வது வேறு. ஃப்ரேமை மூன்றாகப் பிரிக்கும் அந்த விதியை ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1797இல் எழுதினார். ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்படுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, கிராமக் காட்சிகளை ஓவியமாகத் தீட்டுகிறவர்களுக்காக எழுதியது. நல்ல யோசனைதான். பல படங்களுக்குப் பொருந்தும். ஆனால் குளத்தில் கோபுரத்தின் நிழல் நேருக்கு நேர் விழுந்திருக்கும்போது, கரையை நட்டநடுவில் வைத்தவரிடம் போய் "தேர்ட்ஸ் இல்லை" என்று சொன்னால், நாம் படத்தைப் பார்த்தோமா, பாடப் புத்தகத்தைப் பார்த்தோமா?

"சூப்பர்" என்றவரும் படத்தைப் பார்க்கவில்லை. "தேர்ட்ஸ் இல்லை" என்றவரும் படத்தைப் பார்க்கவில்லை. இருவரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். நண்பர்களே, முதல் கடமை பார்ப்பது!

இதற்கு ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சொல்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவர் நம்மைப் போன்ற ஆர்வலர். கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். அவருக்கு 48 வயதானபோது, 1863 கிறிஸ்துமஸை ஒட்டி, மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து, கணவர் தொலைவில் இருந்த நேரத்தில் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று கொடுத்த பரிசு அது. இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த தம் வீட்டில் கோழிக் கூண்டை ஸ்டூடியோ ஆக்கினார். நிலக்கரி போட்டு வைத்த அறையை இருட்டறை ஆக்கினார். ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஆட்களை அசையாமல் உட்காரவைத்தார். அடுத்த ஆண்டே லண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். படங்களைக் கண்காட்சிக்கு அனுப்பினார்.

சங்கத்தார் என்ன சொன்னார்கள்? ஃபோகஸ் இல்லை என்றார்கள். தகட்டில் கீறல் என்றார்கள், கறை என்றார்கள். கருவியைச் சரியாகக் கையாளக் கற்றுக்கொண்டால் இந்த அம்மையார் இன்னும் நன்றாகச் செய்வார் என்று ஒளிப்பட இதழ்களில் எழுதினார்கள்.

நியாயமாகப் பார்ப்போம். கீறல் இருந்தது உண்மை. கறை இருந்ததும் உண்மை. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு கேள்வியை அவர்கள் கேட்கவில்லை: அம்மா, நீங்கள் எதைத் தேடுகிறீர்கள்? கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது, முகம் எந்த இடத்தில் அழகாகத் தெரிகிறதோ அங்கேயே அவர் நிறுத்திவிடுவார். இன்னும் கூர்மைக்கு அவர் போகவில்லை. அது தெரியாமல் செய்தது என்று சங்கத்தார் நினைத்தார்கள். அவர் தெரிந்தேதான் செய்தார். எது சரியான ஃபோகஸ், அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று தம் நண்பரான விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்திலேயே கேட்டிருக்கிறார்.

இப்போது இன்னொருவர் வருகிறார். ஓவியர் ஜி. எஃப். வாட்ஸ். கேமரனின் நண்பர். அவரும் குறை சொன்னார்! ஆனால் எப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். கேமரன் தம் பேரக் குழந்தையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். வாட்ஸ் எழுதிய பதிலின் சாரம் இது: தலைகள் அற்புதம், தொனி நன்றாக வந்திருக்கிறது. குழந்தையை இனியும் படம் எடுப்பதாக இருந்தால், மஞ்சள் சாயலுள்ள துணியில் ஒரு சின்னச் சட்டை தைத்துப் போடுங்கள். உருவமே இல்லாத அந்த வெள்ளைத் திட்டு படம் முழுவதையும் கெடுக்கிறது.

மஞ்சள் சட்டை! அந்தக் காலத்துக் கொலோடியன் தகடு நீல ஒளியைத்தான் நன்றாகப் பிடிக்கும். வெள்ளைத் துணி அதில் மடிப்பே தெரியாமல் வெறும் வெள்ளைத் திட்டாக விழுந்துவிடும். மஞ்சளோ சாம்பல் நிறமாக இறங்கி, மடிப்புகளும் நிழலுமாக உருவம் காட்டும். வாட்ஸ் கொடுத்தது வேலைக்கு ஆகிற யோசனை.

அந்த ஒரு கடிதத்தில் நமக்கு ஒரு முழுப் பாடமே இருக்கிறது. எது நன்றாக இருக்கிறது என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்: தலை, தொனி. எது தன் கண்ணை உறுத்தியது என்று விரல் வைத்துக் காட்டினார்: அந்த வெள்ளை. ஏன் உறுத்துகிறது என்றார்: அதற்கு உருவம் இல்லை. என்ன செய்யலாம் என்றார்: மஞ்சள் துணி. ஒரு சின்னத் துணி போதும், நாளைக்கே செய்துவிடலாம். அந்தக் கடிதத்தில் அவர் எதைத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். "ஃபோகஸைக் கூர்மையாக்கு" என்று அவர் சொல்லவில்லை. அது கேமரனின் தேடல். அந்தத் தேடலுக்குள் நின்றுகொண்டு அவருக்கு உதவினார்.

சங்கத்தார் சொன்னதும் குறை. வாட்ஸ் சொன்னதும் குறை. ஒன்று கதவைச் சாத்தியது. மற்றொன்று அடுத்த படத்துக்கு வழிகாட்டியது. கேமரன் 1875இல் இலங்கைக்குக் குடிபோனார். அங்கே காப்பித் தோட்டங்களில் வேலை செய்த நம் தமிழ் மக்களையும் படம் எடுத்தார். 1879இல் அந்த மண்ணிலேயே இறந்தார். அவர் எடுத்த முகங்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

சரி, நாம் எப்படிச் செய்வது? ஒரு படத்தையே எடுத்துக்கொண்டு பார்த்துவிடுவோம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம். காலை ஆறரை மணி. வயதான மீனவர் ஒருவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கிழிந்த வலையைக் கால் கட்டை விரலில் மாட்டி இழுத்து, ஊசியால் பின்னுகிறார். பக்கவாட்டிலிருந்து வெயில் விழுகிறது. எடுத்தவர் இளைஞர், கேமரா வாங்கி ஓராண்டு இருக்கும். சங்கத்தில் மூத்தவர் ஒருவரிடம் பிரிண்டைக் கொடுக்கிறார். மூத்தவர் உடனே வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு பேச்சு இப்படிப் போகிறது:

"தம்பி, முகத்துல விழுந்திருக்கிற வெயில் ரொம்ப நல்லா இருக்கு. நெத்திச் சுருக்கம் ஒவ்வொண்ணும் எண்ணலாம் போல இருக்கு. ஆனா என் கண்ணு முதல்ல அங்க போகல. வலது ஓரத்துல ஒரு நீல டிரம் இருக்கு பாருங்க, அங்கதான் போச்சு."

"டிரம்மா சார்? நான் அதைக் கவனிக்கவே இல்லையே!"

"எடுக்கும்போது கவனிக்க முடியாது. நீங்க இந்தப் படத்துல எதைக் காட்டணும்னு நினைச்சீங்க?"

"அவர் விரல் சார். வலையைப் பார்க்காமயே பின்னிட்டிருந்தார். முகம் வேற எங்கயோ பார்க்குது, விரல் பாட்டுக்கு வேலை செய்யுது. அதுதான் என்னை நிறுத்திச்சு."

"அடடா, அது பெரிய விஷயமாச்சே! ஆனா இங்க பாருங்க, கீழ் ஓரத்துல விரல் பாதியோட வெட்டுப்பட்டிருக்கு. ஊசி தெரியவே இல்ல. நீங்க சொன்னப்பறம்தான் எனக்கு அது தெரியுது. படம் எனக்கு அதைச் சொல்லல."

நண்பர்களே, இங்கே நடந்தது என்ன? முதலில், மூத்தவர் தம் கண் போன வழியைச் சொன்னார். அது தீர்ப்பு இல்லை, செய்தி. அதை யாரும் மறுக்க முடியாது. "கம்போசிஷன் சரியில்லை" என்று சொல்லியிருந்தால் இளைஞர் வாதாடியிருப்பார். "என் கண் டிரம்முக்குப் போனது" என்றால் எதை வைத்து வாதாடுவார்? அடுத்து, நோக்கத்தைக் கேட்டார். அதுவரை அந்த விரலைப் பற்றி மூத்தவருக்குத் தெரியாது. கேட்டதால்தான் படத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தது. மூன்றாவதாக, நோக்கத்துக்கும் படத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் காட்டினார். காட்ட நினைத்தது விரல். படத்தில் முன்னால் வந்து நிற்பது டிரம். இந்த இடைவெளியை அளந்து சொல்வதுதான் நம் வேலை!

நான்காவதும் உண்டு. அது இல்லாமல் மூன்றும் பயனில்லை. மூத்தவர் சொன்னார்: "டிரம்மை கிராப் பண்ணி எடுத்துடலாம், அது இப்பவே முடியும். வெட்டுப்பட்ட விரலை இனி கொண்டுவர முடியாது. அடுத்த ஞாயிறு மறுபடி போங்க. ரெண்டு அடி பின்னால நகர்ந்து, நீங்களும் தரையில உட்கார்ந்து, விரல்ல ஃபோகஸ் வெச்சு எடுங்க. எடுத்துட்டு வந்து எனக்குக் காட்டுங்க."

கண் போன வழி, எடுத்தவரின் நோக்கம், இடைவெளி, அடுத்த வேலை. இந்த நான்கையும் இந்த வரிசையில் சொல்லிப் பழகினால் போதும். கடைசியில் அந்த மூத்தவர் சொன்ன வார்த்தையையும் மறக்கக் கூடாது: "எனக்குக் காட்டுங்க." குறை சொன்னவர், அது திருந்துவதைப் பார்க்கவும் காத்திருக்க வேண்டும்.

இப்போது தீர்க்க முடிவது, அடுத்த முறைதான் தீர்க்க முடிவது என்று அவர் பிரித்தாரே, அதை நாம் ஒவ்வொருவரும் பிரிக்க வேண்டும். அடிவானம் சாய்ந்து கடல் ஒரு பக்கமாக வழிகிறதா? இப்போதே நேராக்கலாம். நிழல் கறுத்துப் போயிருக்கிறதா? ரா ஃபைல் இருந்தால் பெருமளவு மீட்கலாம். வேட்டியின் வெள்ளை வெளுத்து விவரமே இல்லாமல் போய்விட்டதா? அதை மீட்க முடியாது, அடுத்த முறை எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும். கை ஆடியதா? ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும். தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்திருக்கிறதா? ஓர் எட்டு நகர்ந்து நிற்க வேண்டும். இப்படிச் சொல்லும்போது எடுத்தவருக்கு மனம் உடைவதில்லை, கையில் வேலை கிடைக்கிறது.

படம் ஷட்டர் விழுந்ததோடு முடிந்துவிட்டது என்று நினைக்கவும் கூடாது. அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில், கல்லறைச் சிலுவைகளின்மேல் கடைசி வெயில் படும் நேரத்தில், நிலவு எழுவதைப் படம் எடுத்தார். எடுத்தது ஒரே நெகட்டிவ். அதைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள். 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதிக்கு ரசாயனம் கொடுத்து வலுவாக்கினார். ஆரம்பப் பிரதிகளில் வானத்தில் வெளிர்ந்த மேகங்கள் தெரியும். பிந்தைய பிரதிகளில் வானம் கரும் கறுப்பு. அவ்வளவு பெரிய கலைஞர் தம் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, மாற்றிக்கொண்டே இருந்தார். நம் பிரிண்டைப் பார்த்து "வானத்தை இன்னும் கொஞ்சம் இறக்கலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டால், நமக்கு ஏன் கோபம் வர வேண்டும்?

பார்ப்பதற்கும் பயிற்சி வேண்டும். பிரான்சின் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், படங்களைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பாராம். தலைகீழாகத் திருப்பினால் முகம் மறைகிறது, கதை மறைகிறது. கோடும் வடிவமும் வெளிச்சமும்தான் மிஞ்சும். எங்கே கனம், எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். அவர் படத்தை கிராப் செய்வதை விரும்பாதவர். அப்படிப்பட்டவரே, 1932இல் பாரிஸின் சான்-லசார் ரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டும் அந்தப் புகழ்பெற்ற படத்தை, ஓரத்தில் வேலிப் பலகை விழுந்திருந்ததால் கிராப் செய்திருக்கிறார். ஆக, கொள்கை பெரிதுதான். ஆனால் எதிரே இருக்கும் படம் என்ன கேட்கிறது என்று பார்ப்பது அதைவிடப் பெரிது. கருத்துச் சொல்கிறவருக்கும் இது பொருந்தும். எனக்குக் கறுப்பு வெள்ளை பிடிக்கும் என்பதற்காக, மயிலாப்பூர் தெப்பத்தின் வண்ண விளக்குகளை எடுத்துவந்தவரிடம் "பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு மாத்துங்க" என்று சொல்லலாமா? அது என் ருசி. அவர் படத்தின் குறை இல்லை. "இது என் ருசி" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சொன்னால், அதிலும் தவறில்லை.

போட்டி நடுவர் வேறு, சக கலைஞர் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். சாலன் என்னும் போட்டிக் கண்காட்சியில் நடுவர் முன்னால் நூற்றுக்கணக்கில் படங்கள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் அவருக்குச் சில விநாடிகள்தான். அவர் மதிப்பெண் போடுகிறார், நகர்கிறார். அது அவர் வேலை. நமக்கு அந்த அவசரம் இல்லை. நம்மிடம் ஒரு மாலை நேரம் இருக்கிறது, ஒரு தேநீர் இருக்கிறது, எதிரே எடுத்தவரே உட்கார்ந்திருக்கிறார். நடுவர் கேட்க முடியாத கேள்வியை நாம் கேட்கலாம். அப்படியிருக்க, நாமும் ஏன் பத்துக்கு ஆறு என்று சொல்லிவிட்டு நகர வேண்டும்?

இன்னொரு வகைக் கருத்தும் உண்டு. அதைச் சொல்லத் தயங்கவே கூடாது. சாலையோரம் உறங்குகிறவரை, அவர் அறியாமல், அவருடைய ஏழ்மையை மட்டும் காட்டி எடுத்த படம் வந்தால், அதன் ஒளியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு விடலாமா? கூட்டை மறைத்திருந்த கிளையை ஒடித்துக் குஞ்சுகளை எடுத்த படம் வந்தால், அதன் கூர்மையைப் பாராட்டலாமா? உயிரின் நலம் படத்தைவிடப் பெரிது என்று பன்னாட்டு ஒளிப்பட அமைப்புகள் இயற்கைப் படங்களுக்கான விதியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. இதைச் சொல்லும்போது மட்டும் சபையில் சொல்லாதீர்கள். தனியே அழைத்து, தோளில் கை போட்டு, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இளைஞர் கெட்டவராக இருக்கமாட்டார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இதுவரை சொல்கிறவரைப் பற்றிப் பேசினேன். கேட்கிறவருக்கும் கடமை உண்டு. படத்தைக் கொடுத்துவிட்டு, உடனே விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். "அன்னைக்கு மழை சார், லென்ஸ்ல பனி படிஞ்சுடுச்சு, பின்னாடி கூட்டம் தள்ளிட்டாங்க..." இதைச் சொன்ன அந்த நொடியே எதிரே இருப்பவர் அங்கே இல்லாதவர் என்ற தகுதியை இழந்துவிடுகிறார்! உங்கள் நினைவை அவருக்கும் கொடுத்துவிட்டீர்கள். இனி அவராலும் படத்தைத் தனியாகப் பார்க்க முடியாது. முதலில் அவர் பேசட்டும். அவர் கேட்ட பிறகு நீங்கள் பேசுங்கள்.

நல்ல படத்தை மட்டும் காட்டாதீர்கள். ஜூலியா கேமரன், குறையுள்ள பிரதிகளையும் வாட்ஸிடம் கொடுத்து ஆலோசனை கேட்டிருக்கிறார்.  நண்பரிடம் போனவற்றில் கீறலும் கறையும் உள்ளவையும் இருந்தன. அவருடைய தைரியம் எங்கே இருந்தது என்று பாருங்கள். பாராட்டு வேண்டுமானால் சிறந்த படத்தைக் காட்டலாம். வளர்ச்சி வேண்டுமானால், பாதி சரியாக வந்து பாதி நழுவிய படத்தைக் காட்ட வேண்டும்.

கேட்டதையெல்லாம் ஏற்றுக்கொள்ளவும் வேண்டியதில்லை. சங்கத்தார் சொன்னார்கள் என்று கேமரன் ஃபோகஸை மாற்றியிருந்தால், உலகம் அந்த முகங்களை இழந்திருக்கும். ஆனால் ஒருவர் சொன்னதை மறுப்பதற்கு முன்னால், நான் எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் மறுக்கலாம். தெரியாதவர் யோசிக்க வேண்டும்.

முடிக்கும் முன், ஒரு படத்தைத் தாண்டி ஒரு மனிதரைப் பார்த்துச் சொன்ன கருத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1947இல் ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் கேப்பாவும், கார்த்தியே-பிரெஸ்ஸோனும், இன்னும் சில நண்பர்களும் சேர்ந்து மேக்னம் என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். கார்த்தியே-பிரெஸ்ஸோனின் படங்கள் அப்போதே நியூயார்க் அருங்காட்சியகம்வரை போய்விட்டன. அந்த நேரத்தில் கேப்பா அவரிடம் சொன்ன யோசனை இது: சர்ரியலிசக் கலைஞர் என்ற பட்டத்தை ஒட்டிக்கொள்ளாதே, அதிலேயே அடைபட்டுப் போவாய். அதை மனதுக்குள் வைத்துக்கொள். பத்திரிகைப் படக்காரனாக உலகத்துக்குள் இறங்கு. கார்த்தியே-பிரெஸ்ஸோன் இறங்கினார். இந்தியாவுக்கு வந்தார். காந்தியடிகளின் கடைசி நாளில் அவரைச் சந்தித்தார், இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்தார். சீனாவுக்குப் போனார். நண்பர் சொன்ன ஒரு சொல் அவருக்குக் கண்டங்களைத் திறந்துவிட்டது.

அப்படிச் சொல்ல, ஒருவரின் ஒரு படத்தைப் பார்த்தால் போதாது. ஆண்டுக்கணக்கில் அவர் படங்களைப் பார்த்திருக்க வேண்டும். "நீங்க பறவை எடுக்கறீங்க, நல்லாத்தான் எடுக்கறீங்க. ஆனா உங்க அம்மாவை அடுக்களையில எடுத்தீங்களே, அந்தப் படம் மாதிரி வேற யாராலயும் எடுக்க முடியாது. அங்க போங்க" என்று சொல்ல, கூடவே நடந்த நண்பர் ஒருவரால்தான் முடியும். எந்த நடுவராலும் முடியாது. எந்தப் பாடப் புத்தகத்தாலும் முடியாது. நம் சங்கங்கள் இருப்பதே இதற்காகத்தான்!

ஆகவே, அன்பர்களே, இதை நாளைக்குத் தள்ள வேண்டாம். இந்தக் கூட்டம் முடிந்ததும் இந்தச் சுவர்களை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கூட்டம் கூடாத படம் ஒன்று நிச்சயம் இருக்கும். அதன் முன்னால் நில்லுங்கள். பார்த்து முடிக்கும்வரை பேசாதீர்கள். பிறகு அதை எடுத்தவரைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் கண் எங்கே போனது என்று சொல்லுங்கள். அவர் எதைக் காட்ட நினைத்தார் என்று கேளுங்கள். செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். "எடுத்துட்டு வந்து காட்டுங்க" என்று கேட்டு, உங்கள் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் அவர் படம் உயர்ந்திருக்கும். அவர் படத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்த பழக்கத்தால் உங்கள் படமும் உயர்ந்திருக்கும்.